கவசம் குறைந்தால் நல்லது

கப்பல் பட்டறைக்கு வந்த நோர்வேக்காரன்
விட்டுப்போன புத்தகம் முதலாம் பதிப்பு.
தொண்ணூற்றொன்றில்
தபால்கந்தோர் வீதியில் போட்டோக் கொப்பி எடுத்தோம்.
பதினேழாம் பக்கத்தில் கடைக்காரரின் பெருவிரல் விழுந்து
மந்திரவாதியின் உயிர்ப்புள்ளி எத்தனையென்று
இன்றுவரை தெரியாது.

இருபது பக்கப் பகடைக்கு எங்கே போவது?
மைலோ ரின்னில் இருபது சீட்டுப் போட்டுக் குலுக்கினோம்.
ஒன்பதாம் சீட்டின் மூலை மடிந்திருந்ததை
ஜவ்பர் மட்டும் அறிவான்.

அந்தப் பதிப்பில் குள்ளனாய்ப் பிறந்தால்
குள்ளன் என்பதே தொழில்.
"ஊர் வழக்கந்தானே" என்றான் தயாபரன்.
கவச எண் குறையக் குறைய நல்லது.
ஏனென்று புத்தகம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.
உயிர் பூச்சியத்துக்கு வந்தால் சாவு.
பேச்சில்லை, அடுத்த தாளை எடு.

இரண்டாம் பதிப்பில் பேய்களின் பெயரை எடுத்துவிட்டார்கள்.
எங்கோ தாய்மார் பயந்தார்களாம்.
பேய்கள் அதே பல்லோடு அதே குகையில் இருந்தன,
பலகையில் மட்டும் வேறு பெயர்.
திருகோணமலையில் இருக்கிற எங்களுக்கு
இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சமாதான காலத்தில், பாதை திறந்து,
கொழும்பு பஸ்ஸில் மூன்றாவது வந்தது.
கூடினால் நல்லது என்று எல்லாவற்றையும் திருப்பிப் போட்டிருந்தது.
குதிக்க ஓர் எண், கயிறு முடிய ஓர் எண்,
பொய் சொல்ல ஒன்று, பொய்யைக் கண்டுபிடிக்க இன்னொன்று.
கச்சேரியில் கணக்கெழுதும் ஜவ்பர்
அதைக் காதலித்தான்.
ஒரு வாள்வீச்சைக் கூட்டி முடிக்க
கிண்ணியாவுக்கான கடைசிப் பாதை போய்விடும்.
ஏற்கெனவே விதிகளால் ஊதியிருந்த புத்தகம்
சுனாமித் தண்ணீரில் மேலும் ஊதியது.

நான்காவதை கிளமென்ட் பார்த்தலட் துபாயிலிருந்து கொண்டுவந்தான்.
மேசையெங்கும் சதுரம்.
இத்தனை சதுரம் நகரலாம், இதற்குமேல் கூடாது,
எதிரிக்குப் பக்கத்தால் போனால் அடி.
"எங்கே நிற்கவேண்டும் என்று சொல்லும் விதியை
சாவடியிலேயே படித்துவிட்டேன்" என்றேன் நான்.
"இது ஆட்டமில்லை, கரம்போட்" என்றான் ஜவ்பர்.
கிளமென்ட் பெட்டியை மூடினான்.
ஊரடங்கில் மெழுகுதிரி வைத்து ஆடியவர்கள்,
ஷெல் சத்தத்துக்கு மேசையடியில் இருந்துகொண்டும்
பகடையை உருட்டியவர்கள்,
சதுரத்துக்காகப் பிரிந்தோம்.
ஏழு வருடம். மீன் சந்தையில் கண்டாலும்
விளைமீனின் செவுளைத்தான் பார்த்துக்கொள்வோம்.

ஐந்தாவது வந்ததை நான் கவனிக்கவில்லை.
பிள்ளைகள் கவனித்தார்கள்.
முகந்தெரியாத ஆட்கள் ஆடுவதை
கைபேசியில் மணிக்கணக்காய்ப் பார்த்துவிட்டு
உவர்மலை ரியூட்டரியின் மேல்மாடியைக் கேட்டு வந்தார்கள்:
ஹஸ்னா, சீனன்குடாவிலிருந்து சந்துனி,
பிறகு இருபத்துமூன்று பேர். கதிரை போதவில்லை.
விதி சிறுத்திருந்தது.
சாதகமென்றால் இரண்டுதரம் உருட்டி நல்லதை எடு.
பூச்சியத்துக்கு வந்தாலும் உடனே சாவில்லை,
மூன்று தரம் தப்பப் பார்க்கலாம்.
எனக்குக் கொஞ்சம் எரிச்சலாயிருந்தது, உண்மை.
எங்களுக்கு யார் மூன்று தரம் கொடுத்தார்கள்?

போன ஞாயிறு
ஜவ்பர் ஒரு மூலையில் வந்திருந்தான்.
கிளமென்ட் இன்னொரு மூலையில். நான் இருவரையும் கூப்பிடவில்லை.
காற்றில் ஹஸ்னாவின் தாள் படிக்கட்டால் பறந்து
கீழே நின்ற மான் அதைத் தின்றது.
பெயர், வாள், ஆறு மாதத்து அனுபவம்,
எல்லாவற்றையும் நிதானமாய், அசைபோட்டு.

"மிஸ், இதுக்கு ரூல் இருக்கா?"

"செத்தாள். முதலாம் பதிப்பு" என்றான் ஜவ்பர்.
"மான் எத்தனை சதுரம் தள்ளி நின்றது?" என்றான் கிளமென்ட்.
பிள்ளைகள் சிரித்தார்கள்.
அவர்கள் இருவரும் சிரிக்கவில்லை, கதிரைகளை இழுத்துக்கொண்டு
ஒரே மேசைக்கு வந்து சண்டை பிடிக்கத் தொடங்கினார்கள்.
கவசம் குறைந்தால் ஏன் நல்லது என்று சந்துனி கேட்டதற்கு
இருவரும் இரண்டு விதமாய்ப் பிழையான பதில் சொன்னார்கள்.

மான் இரண்டாம் தாளுக்காக மேலே பார்த்தது.
நான் பகடையை ஹஸ்னாவின் கையில் வைத்தேன்.
மூன்று தரம், என்றேன்.
உருட்டு.